அச்சுக்கூடமும் அவசர வேலையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசுதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருளைச் சொன்னபோது நம் காரியதரிசி அவர்கள் சிறிது வியப்புற்றார்கள். தமிழாசிரியன் ஒருவன் இலக்கியத்தை விடுத்து அச்சுக்கூடத்தைப் பற்றிப் பேசப் புகுவானேன் என்பது அவர்களுடைய ஐயம். ஏட்டில் இருந்த தமிழ் நம் கைக்கு எட்டியது அச்சின் வழியாக அன்றோ? ஆகலின் இதுவும் தமிழாசிரியன் பேசத்தக்க பொருளே என்று விடை கூறினேன். அதனினும் வலிய காரணம் ஒன்று உண்டு. குழந்தைக்குப் பெயர் சூட்டுவது முதல் உத்தரகிரியைப் பத்திரிகை வரையில், அச்சுக்கூடத்தின் படியேறாத குடும்பம் நம்முள் ஒன்றேனும் இல்லை. அங்கே வேலை எப்படி நடைபெறுகின்றது என்று அறிந்த குடும்பங்களோ மிகச் சிலவே. அவ்வறியாமையால் எழும் மனவருத்தங்கள் பல. இக்கூட்டத்தில் வேலை கொடுப்பவர்களும் இருக்கின்றீர்கள். அச்சுக்கூடம் வைத்து வேலை வாங்கிக்கொள்பவர்களும், வைக்க எண்ணும் இளைஞர்களும் இருக்கின்றீர்கள். இரு திறத்தாரும் ஒரே பாயில் அமர்ந்திருக்கும்பொழுது இதனைப் பேசுவது நலம் என்று கருதினேன்.

பள்ளி மலர், பரிசுச் சான்றிதழ், வினாத்தாள், ஆண்டு விழா அழைப்பு என்று ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக நான் அச்சுக்கூடங்களில் அமர்ந்து பிழை திருத்தி வருகின்றேன். அங்கே கண்டவற்றையே சொல்லப்போகின்றேன்.

முதலில், வேலை ஏற்பது எப்படி என்று பார்ப்போம். "ஒரு கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டும், எவ்வளவு ஆகும்?" என்று நாம் கேட்கின்றோம். இக்கேள்விக்கு விடையே கிடையாது. எத்தனை பிரதி, எந்த அளவு, எந்தக் காகிதம், ஒரு நிறமா நான்கு நிறமா, ஒரு பக்கமா இரு பக்கமா, மடிப்பு உண்டா, உறை உண்டா, தங்கப் பூச்சு உண்டா, என்றைக்கு வேண்டும் ஆகிய இத்தனையும் தெரிந்த பின்னரே விலை பிறக்கும். நல்ல அச்சுக்கூடத்துக்காரர் இவற்றை வாயாற் கேட்டதோடு நில்லாமல் ஒரு வேலைச்சீட்டில் எழுதிக்கொள்வார். அச்சீட்டு, தட்டச்சு செய்பவர் கையிலிருந்து யந்திரம் ஓட்டுபவர் கைக்கும், அவரிடமிருந்து வெட்டுபவர், மடிப்பவர், கட்டுபவர் கைகளுக்கும் வேலையோடு கூடவே செல்லும். ஐவர் கை மாறும் வேலையில் முதல்வர் காதாற் கேட்டது ஐந்தாமவருக்கு எட்டுமென்று நம்புதல் இயலாது. வேலைச்சீட்டு எழுதாத அச்சுக்கூடத்தில் "அன்றைக்கே சொன்னேனே", "என்னிடம் சொல்லவில்லையே" என்னும் இரண்டு வாக்கியங்கள் நாள்தோறும் ஒலிக்கும்.

கல்யாணப் பத்திரிகையில் மற்றொரு நுட்பமும் உண்டு. நாம் ஆல்பத்தைப் புரட்டி, பிள்ளையாரும் மயிலும் பொறித்த அட்டையொன்றைத் தேர்ந்தெடுக்கின்றோம். அவ்வட்டை பெரும்பாலும் அந்த ஊரில் அச்சிடப்பட்டதன்று. சிவகாசி போன்ற இடங்களிலிருந்து வெற்று அட்டையாக வந்திருப்பது. உள்ளூர் அச்சுக்கூடம் நம் வீட்டு விவரத்தை மட்டும் அதன்மேல் அச்சிட்டுத் தருகின்றது. நாம் விரும்பிய அட்டை அறுநூறு வேண்டியிருக்க, கடையில் இருநூறே இருப்பின், எஞ்சியதை வெளியூரிலிருந்து வருவிக்க வேண்டும். முகூர்த்த மாதத்தில் அது கிடைப்பதும் அரிது. இதைச் சொன்னால், "அட்டை இல்லையென்றால் ஆல்பத்தில் ஏன் வைத்திருக்கிறீர்?" என்று சினப்போம். கேள்வியில் நியாயம் உண்டு. இருக்கும் அட்டை எது, வருவிக்க வேண்டிய அட்டை எது என்று முன்னரே சொல்லிவிடும் கடைக்காரர்களும் இருக்கின்றார்கள். அவர்களிடம் இச்சண்டை எழுவதில்லை.

இனி, எல்லா மனவருத்தங்களுக்கும் மூலமான செய்திக்கு வருகின்றேன். ஆப்செட் யந்திரம் ஓடுவதை நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். தாள்கள் கண்ணிமைப்பதற்குள் பாய்ந்து சென்று விழும். சிறிய யந்திரமே மணிக்கு ஐயாயிரம், ஆறாயிரம் தாள் அச்சிடும். பெரியவை பதினாயிரத்துக்கு மேலும் ஓடும். அதனைக் கண்ட வாடிக்கைக்காரர், "என்னுடையது ஆயிரந்தானே, பத்து நிமிஷ வேலை, இப்பொழுதே போட்டுக் கொடுத்துவிடுங்கள்" என்கின்றார். அவர் கணக்கிற் பிழையில்லை. ஓட்டம் பத்து நிமிஷந்தான். ஆனால் அச்சு வேலையென்பது ஓட்டம் மட்டுமன்று. பிளேட்டைப் பூட்டி, மையைப் பங்கிட்டு, நீரின் அளவை நிறுத்தி, தாளின் ஓரம் பிடிக்கும் இடத்தைச் சரிசெய்து, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழும்வரை பல தாள்களைக் கழித்த பின்னரே நல்ல தாள் வரத் தொடங்கும். இவ்வாயத்தத்திற்கு முக்கால் மணி நேரம் ஆகின்றது என்று வைத்துக்கொள்வோம்.

இப்பொழுது யந்திரத்தில் வேறொருவருடைய பன்னீராயிரம் தாள் ஓடிக்கொண்டிருக்கின்றது. அதனை நடுவில் நிறுத்தி நம் ஆயிரத்தை ஏற்றினால், நம் வேலைக்கு ஆயத்தம் முக்கால் மணி, ஓட்டம் பத்து நிமிஷம், பின்னர் அவருடைய பிளேட்டை மீண்டும் பூட்டி அதே நிறத்தைக் கொண்டுவர மற்றொரு முக்கால் மணி ஆகும். ஆக 100 நிமிஷம். அவருடைய வேலை முடிந்த பின்னர் ஏற்றினால் நமக்குச் செலவாவது 55 நிமிஷமே. இடையிற் புகுந்ததனால் வீணான முக்கால் மணி யாருடையது? யந்திரக்காரருடையதும், நமக்கு முன் வந்து ஒழுங்காகக் காத்திருந்த மற்றொரு வாடிக்கைக்காரருடையதும் ஆகும். அவசர வேலைக்கு மிகுதிப் பணம் கேட்பது கொள்ளையென்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அந்த முக்கால் மணிக்கு ஒருவர் விலை கொடுத்துத்தான் ஆகவேண்டும். அதனை அவசரப்பட்டவர் கொடுப்பதே முறை என்பது என் கருத்து. ஆனால் அத்தொகை இவ்வளவு என்று வேலை ஏற்கும்பொழுதே சொல்லப்பட வேண்டும். வேலை முடிந்து, நாம் முகூர்த்தத்துக்கு ஓடும் அவசரத்தில், பில்லில் ஒரு வரி கூட்டி நீட்டுவது முறையன்று.

ஐந்நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் விலையில் அவ்வளவு வேற்றுமை இல்லாதது ஏன் என்னும் கேள்விக்கும் இக்கணக்கே விடை. தட்டச்சு, பிளேட், ஆயத்தம் ஆகிய செலவுகள் ஒரு பிரதிக்கும் அவையே, பதினாயிரத்துக்கும் அவையே. டிஜிட்டல் யந்திரத்திலோ பிளேட் இல்லை; ஆகையால் ஐம்பது, நூறு பிரதி வேண்டுவோர்க்கும் இன்றே வேண்டுவோர்க்கும் அது பொருத்தமானது. பிரதி மிகுந்தால் விலை ஏறிக்கொண்டே போகும்.

ஓட்டத்துக்குப் பின்னரும் வேலை உண்டு. ஆப்செட் மை சில மணி நேரத்தில் கையில் ஒட்டாத நிலையை அடையும். நன்கு உலர ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். அதற்குள் அடுக்கி வெட்டினாலும் மடித்தாலும், ஒரு தாளின் மை மறு தாளின் முதுகில் அப்பிக்கொள்ளும். வழுவழுப்பான ஆர்ட் காகிதத்தில் இத்தொல்லை மிகுதி. "நேற்றே அடித்தாயிற்றே, ஏன் தரவில்லை?" என்று கேட்பவர்க்கு, மை உலர்கின்றது என்னும் விடை சாக்குப்போக்காகத் தோன்றும். பெரும்பாலும் அது மெய்யே.

இதற்கு உலக வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. அமெரிக்க நாட்டின் சுதந்தரப் பிரகடனம் 1776-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அந்நாட்டுப் பேரவையில் ஏற்கப்பட்டது. அன்றிரவே அதனை அச்சிடும் வேலை பிலடெல்பியா நகரத்து ஜான் டன்லப் என்னும் அச்சுக்கூடத்துக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு அப்பொழுது வயது 29. இரவோடிரவாக ஏறக்குறைய 200 பிரதிகள் அச்சாகி, மறுநாள் முதல் பல திசைகளுக்கும் அனுப்பப்பட்டன. அவற்றுள் 26 பிரதிகள் இன்றும் உள்ளன என்பர். அவற்றைச் சோதித்தவர்கள், சில தாள்கள் மை உலருமுன்னரே மடிக்கப்பட்டிருத்தலையும், நிறுத்தக் குறிகள் பிரதிக்குப் பிரதி இடம் மாறியிருத்தலையும் கண்டார்கள். ஒரு தேசத்தின் பிறப்புப் பத்திரமாயினும், மை தனக்கு வேண்டிய காலத்தைக் கேட்டே தீரும். அதே பிரகடனத்தைக் கையொப்பமிட்டவர்களின் பெயர்களோடு 1777 ஜனவரியில் பால்டிமோர் நகரில் அச்சிட்டவர் மேரி காதரைன் காடர்ட் என்னும் பெண்மணி. அச்சுத்தொழில் ஆடவர்க்கே உரியதென்று எண்ணும் நம் இளைஞர்களுக்காக இதனையும் சொல்லி வைத்தேன்.

சிறு வேலைகள் பெரிய அச்சுக்கூடத்தின் மதிப்புக்குக் குறைவு என்று கருதுதலும் வேண்டாம். அச்சுக்கலையின் தந்தை எனப்படும் கூட்டன்பர்க், தம் பெயர் விளங்கும் விவிலியப் பதிப்பை மைன்ஸ் நகரில் அச்சிட்டுவந்த காலத்திலேயே, 1454-ஆம் ஆண்டில், பெயரும் தேதியும் எழுத இடம் விட்ட ஒற்றைத் தாள் மன்னிப்புச் சீட்டுகளும் அங்கே அச்சாயின. நம் பில் புத்தகங்களுக்கும் விண்ணப்பப் படிவங்களுக்கும் மூதாதை அவையே. பெருநூல் முடிய ஆண்டுகள் ஆகும்; அதுவரையில் அடுப்பெரிவது சிறு வேலையால் அன்றோ?

ஈயவெழுத்துக் கோத்து அச்சிட்ட காலத்தை நம்மிற் பெரியவர்கள் கண்டிருக்கின்றார்கள். அறைகள் பகுத்த எழுத்துப் பெட்டியின் முன் நின்று, ஒவ்வோர் எழுத்தாக எடுத்துக் கோத்து, வரி நிரப்பி, நூலாற் கட்டி, மை தடவி ஒரு படி எடுத்து நம்மிடம் தருவார்கள். அதில் ஓர் எழுத்தை மாற்றினால் எளிது. ஒரு சொல்லை இடையே செருகினாலோ பத்தி முடியும் வரையில் எல்லா வரிகளையும் பிரித்துக் கோக்க வேண்டும். இதனை வாடிக்கைக்காரர் அறிவார். ஆகையால் வீட்டில் பெரியவர்கள் கூடி, யார் பெயர் எவருக்கு முன் வருவது என்று வழக்காடி முடித்து, தெளிவாக எழுதி, பிறகே அச்சுக்கூடத்துக்கு வந்தார்கள். கணிப்பொறி வந்த பின்னர் மாற்றுதல் எளிதாயிற்று. எளிதானதன் பயனாக நமக்கு நேரம் மிஞ்சவில்லை. வழக்காடும் இடந்தான் வீட்டுத் திண்ணையிலிருந்து அச்சுக்கூடத்துக்கு மாறிவிட்டது. தட்டச்சு செய்பவரின் நாற்காலிக்குப் பின்னால் நால்வர் நின்றுகொண்டு, "மாமா பெயரை மேலே ஏற்று", "சித்தப்பாவின் பட்டத்தைச் சேர்" என்று சொல்லும் காட்சியை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். பின்னே காத்திருப்பவர்களின் முகத்தையும் கண்டிருக்கின்றேன். அவசரம் என்று நாம் சொல்வதிற் பெரும்பங்கு இப்படி நாமே செலவழித்த நாட்களே ஆகும்.

கைப்பேசியில் விவரத்தைத் தட்டியனுப்புவது இக்காலத்து வழக்கம். அதில் ஓர் இடர் உண்டு. கைப்பேசி எழுதுவது ஒருங்குறி எழுத்து. பல அச்சுக்கூடங்களில் இன்றும் பழகிவரும் எழுத்துருக்கள் வேறு முறையில் அமைந்தவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்பொழுது கொம்பு இடம் மாறலாம், புள்ளி மறையலாம், கிரந்த எழுத்துச் சிதையலாம். அனுப்பியது சரியாக இருந்தாலும் அச்சில் வருவது சரியாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகையால் மாதிரித் தாளை எழுத்தெழுத்தாகப் படித்தேயாக வேண்டும்.

மாதிரித் தாள் பார்ப்பதைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல விரும்புகின்றேன். இது என் தொழிலோடு சேர்ந்தது. புரூப் என்று வழங்கும் அத்தாளில் நாம் இடும் கையொப்பம் வெறுஞ் சடங்கன்று. அதற்கு முன் நேர்ந்த பிழை அச்சுக்கூடத்தினுடையது. கையொப்பத்துக்குப் பின் கண்ட பிழை நம்முடையது. இவ்வெல்லையை இரு திறத்தாரும் ஒப்புக்கொண்டால் சண்டை பாதியாகக் குறையும். படிப்பவர் ஒருவராக இருத்தல் வேண்டும். அவர் அவ்விவரத்தைத் தாமே எழுதியவராக இல்லாதிருப்பின் மிக நன்று. எழுதியவர் கண்ணுக்குத் தாம் எண்ணியதே தெரியும், தாளில் உள்ளது தெரியாது. பெயர்களைப் பின்னிருந்து முன்னாகப் படித்துப் பார்க்கலாம். தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை ஆகிய மூன்றையும் பஞ்சாங்கத்தோடோ காலண்டரோடோ ஒத்துப் பார்க்க வேண்டும். தேதி ஒன்றும் கிழமை ஒன்றுமாக அச்சான பத்திரிகைகள் எத்தனை! பெரிய எழுத்தில் உள்ள தலைப்பையும் படிக்க வேண்டும். பிழைகள் சிறிய எழுத்தில்தான் ஒளிந்திருக்கும் என்று எண்ணி யாரும் தலைப்பைப் படிப்பதில்லை.

இலண்டன் நகரில் 1631-ஆம் ஆண்டு, அரசரின் அச்சுக்கூடத்தாராகிய இராபர்ட் பார்க்கர், மார்ட்டின் லூக்காஸ் என்னும் இருவர் வெளியிட்ட விவிலியத்தில், பிறன்மனை விழைதலை விலக்கும் கட்டளையில் எதிர்மறைச் சொல் ஒன்று விடுபட்டு, விலக்கு விதியாக மாறிப்போயிற்று. அவர்களுக்கு 300 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது.  ஆங்கிலத்தில் ஒரு சொல் விடுபட வேண்டியிருந்தது. தமிழிலோ "செய்க", "செய்யற்க" என்று எதிர்மறை சொல்லுக்குள்ளேயே அடங்கியிருத்தலின், ஓரெழுத்து ஈரெழுத்திலேயே பொருள் தலைகீழாகிவிடும்.

நம்மவர் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கின்றேன். குடும்பத்தின் பெயர் வேண்டாம். மூத்த மகனுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் அடித்த பத்திரிகையையே அடிப்படையாக வைத்து, இளைய மகனுக்கும் அடிக்கச் சொன்னார்கள். கணிப்பொறியில் பழைய விவரம் இருந்தது. பெயர்களை மட்டும் மாற்றினால் போதும் என்று இரு சாராரும் எண்ணினார்கள். இடையில் பெரியவர் ஒருவர் காலமாகியிருந்தார். அவர் பெயருக்கு முன் "தெய்வத்திரு" சேர்க்க வேண்டும் என்று இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியிற் சொன்னார்கள். பெயர்கள் இரண்டு வரிசையாக இருந்தன. சேர்க்கப்பட்ட சொல் பக்கத்து வரிசையில் இருந்த, நல்ல உடல்நலத்தோடு வாழும் ஒரு பெரியவரின் பெயருக்கு முன் போய் அமர்ந்துவிட்டது. மாதிரித் தாள் கைப்பேசிக்கு வந்தது. பேருந்திற் சென்றுகொண்டே ஒருவர் பார்த்து, "சரி, போடுங்கள்" என்றார். அறுநூறு பிரதியும் அச்சாயின. முதற்பிரதியைத் தாம்பாளத்தில் வைத்து யாரிடம் கொடுத்தார்கள் என்று நினைக்கின்றீர்கள்? அந்தப் பெரியவரிடமே! அவர் பெருந்தன்மையாளர், சிரித்துவிட்டார். அவருடைய மனைவியார் சிரிக்கவில்லை. அவ்வம்மையார் கல்யாணத்துக்கும் வரவில்லை. மீண்டும் அச்சிட்ட செலவை அச்சுக்கூடத்துக்காரரும் வீட்டாரும் பாதிப்பாதியாக ஏற்றுக்கொண்டார்கள் என்று கேள்வி. காகிதத்தின் விலை தீர்ந்தது. அம்மையாரின் வருத்தம் தீர இரண்டு ஆண்டு ஆயிற்று.

அன்று தவறியது எது? தட்டச்சு செய்தவர் விரைந்தார். அவரை விரையச் செய்தது நம் தொலைபேசி. ஆனால் ஓட்டத்தில் மிச்சம் பிடித்த நேரம் ஒன்றுமில்லை. யந்திரம் என்றும் போல் ஓடியது. அவசரத்தில் குறைத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தது படிக்கும் நேரம் ஒன்றே, அதனைத்தான் குறைத்தார்கள். எந்த அவசர வேலையிலும் இதுவே நிகழ்கின்றது. மை உலரும் காலத்தையும் ஆயத்தக் காலத்தையும் குறைக்க இயலாது. கண்ணால் படிக்கும் காலத்தை எவரும் குறைத்துவிடலாம். நான் அறிந்த அச்சுக்கூடத்துக்காரர் ஒருவர், எவ்வளவு அவசரமானாலும், வாடிக்கைக்காரரை எதிரே உட்கார வைத்து உரக்கப் படிக்கச் செய்த பின்னரே பிளேட் போடச் சொல்வார். "பத்து நிமிஷம் உட்காருங்கள் ஐயா, இதற்குப் பணம் வாங்குவதில்லை" என்பார்.

ஓர் எழுத்து மாற்றத்திற்கும் பிளேட் போட்ட பின்னர் விலை வேறாகும். நான்கு நிற வேலையில் நான்கு பிளேட்டுகள். எழுத்துக் கறுப்பில் மட்டும் இருந்தால் கறுப்புப் பிளேட் ஒன்றை மாற்றினால் போதும். பல நிறங்கள் கலந்து அமைந்த எழுத்தாயின் அந்நிறங்களுக்குரிய பிளேட்டுகள் எல்லாம் வீண். ஒரே எழுத்துத்தானே என்பவர்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

அச்சுக்கூடத்துக்கும் பருவங்கள் உண்டு. தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை. கோடையில் பள்ளிகளுக்கு வேண்டிய நோட்டும் படிவமும். ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஆனால் அம்மன் கோயில் கூழ் வார்க்கும் நோட்டீசு தெருத்தெருவாக வரும். ஆவணியில் மீண்டும் கல்யாணம். ஆண்டு முடிவில் காலண்டரும் டைரியும். சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டருக்குரிய ஆல்பங்களை ஆடிப்பெருக்கு நாளிலேயே வெளியிடுகின்றார்கள். ஜனவரிக்கு வேண்டியதை ஆகஸ்டிலேயே தொடங்கும் அத்தொழிலைப் பார்த்தாவது, தைக் கல்யாணத்துக்கு மார்கழி கடைசியில் ஓடும் வழக்கத்தை நாம் விடலாம். மார்கழியில் நல்ல காரியம் பேசலாகாது என்பார்கள். மாதிரித் தாள் பார்க்கலாகாது என்று எந்தச் சாத்திரத்திலும் நான் படித்ததில்லை.

அச்சுக்கூடத்தாரைப் பற்றியும் சொல்லாவிடின் நான் ஒருதலைப்பட்சமாகப் பேசியவனாவேன். அவர்களிற் பலருக்கு இல்லை என்று சொல்லும் நாவே இல்லை. வந்த வேலையை விட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடும் என்னும் அச்சத்தால், எல்லார்க்கும் "நாளை தருகிறேன்" என்று முன்பணம் வாங்கிவிடுகின்றார்கள். ஒரு நாளில் ஐந்து வேலை முடியக்கூடிய இடத்தில் ஒன்பது பேருக்கு நாளை என்றால், நால்வருக்கு அது பொய்யாகின்றது. பள்ளிப் பரிசளிப்பு விழாவொன்றில், நான்கு மணி விழாவுக்கு மூன்றே முக்காலுக்குச் சான்றிதழ்கள் வந்தன. சிறப்பு விருந்தினர் கையொப்பமிட்டபொழுது அவருடைய வெண்சட்டைக் கையில் பள்ளியின் முத்திரை நன்றாகப் பதிந்தது. "வியாழன்தான் ஐயா முடியும், செவ்வாய் வேண்டுமென்றால் வேறிடம் பாருங்கள்" என்று அந்த அச்சுக்கூடத்தார் சொல்லியிருந்தால் நாங்கள் வருந்தியிருக்க மாட்டோம்.

அவசரம் எல்லாம் ஒரு தன்மையதன்று. வேலை ஏற்பவர், "என்றைக்கு வேண்டும்?" என்று கேட்பதைவிட, "விழா என்றைக்கு?" என்று கேட்பது நலம். முன்னதற்கு எல்லாரும் நாளை என்றே விடை சொல்வார்கள். நாளைக்கே வேண்டும் என்று தலைமேல் நின்று அடித்து வாங்கிய வேலையை, அடுத்த வாரம் வரை எடுத்துச் செல்லாதவர்கள் எத்தனை பேர்! அச்சுக்கூடத்துப் பரணில் கட்டுக் கட்டாகத் தூசி படிந்து கிடப்பவற்றிற் பல, அவசரம் என்று வந்தவையே. அவற்றுக்காக எத்தனை பேருடைய வேலை பின்னுக்குத் தள்ளப்பட்டதோ! ஒவ்வொரு நாளும் ஒரு மணி இரண்டு மணி நேரத்தை எந்த வேலைக்கும் ஒதுக்காமல், மெய்யான அவசரத்துக்கென்று வைத்திருப்பவர்கள் உண்டு. அவ்வாறு செய்யும் இடத்தில் ஒருவருடைய அவசரம் மற்றொருவருடைய தாமதம் ஆவதில்லை. தொழில் தொடங்க எண்ணும் நம் இளைஞர்கள் யந்திரத்தின் விலையைக் கணக்கிடும்பொழுது இந்த ஒரு மணியையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரவு வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சுக்கூடத்தில் மிகவும் அஞ்சத்தக்கது காகிதம் வெட்டும் யந்திரம். கனத்த அடுக்கொன்றை ஒரே வெட்டில் துண்டாக்கும் கத்தி அது. இரு கைகளாலும் இரு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினாலன்றிக் கத்தி இறங்காதபடி இக்காலத்து யந்திரங்களை அமைத்திருக்கின்றார்கள். கை இரண்டும் பொத்தானில் இருக்கும்பொழுது கத்தியின் கீழ் இருக்க முடியாதன்றோ? பழைய யந்திரங்களில் அவ்வமைப்பு இல்லை. உள்ள யந்திரங்களிலும், வேலை விரைந்து நடக்கட்டும் என்று அதனைத் தந்திரமாக நீக்கிவிடுவாரும் உளர். பகல் முழுதும் உழைத்தவனை நள்ளிரவில் அக்கத்தியின் முன் நிறுத்தி, நம் பத்திரிகைக்காக விரைவுபடுத்துகின்றோம். நாம் கொடுக்கும் அவசரத் தொகையில் ஒரு பங்கேனும் இரவு கண்விழித்தவன் கைக்குப் போகின்றதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நம் சங்கத்து அச்சுக்கூடத்துக்காரர்கள் இக்கேள்வியை வருத்தமின்றி ஏற்பார்கள் என்று நம்புகின்றேன்.

எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஏற்கலாகாத அவசரமும் ஒன்று உண்டு. தேர்தற் காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் வந்து, பெயர் போடாமல் துண்டுப் பிரசுரம் அடித்துத் தரச் சொல்வார்கள். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்து 127-ஏ பிரிவு இதனைத் தடுக்கின்றது. தேர்தற் பிரசுரம் ஒவ்வொன்றிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகிய இருவர் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும். வெளியிடுபவர், தம்மை நேரில் அறிந்த இருவர் சான்றொப்பமிட்ட உறுதிமொழியை இரு படியாகத் தரவேண்டும். அச்சிட்டவர் அதில் ஒரு படியையும் பிரசுரத்தின் ஒரு பிரதியையும் உரிய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேட்பவர் உறவினராயினும், நம் சங்கத்துப் பிரமுகராயினும், பெயரின்றி அடித்துத் தருதல் கூடாது. மறுநாட் காலையில் அவருடைய பெயர் தாளில் இராது. அச்சுக்கூடத்தின் கதவில்தான் அதிகாரி வந்து நிற்பார்.

கடைசியாக ஒன்று. ஒரு வீட்டில் உயிர் பிரிந்துவிட்டால், காலையில் சொன்ன கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி நண்பகலுக்குள் தெருமுனையில் இருக்க வேண்டும். ஈயவெழுத்துக் காலத்தில் சில அச்சுக்கூடங்களில், கறுப்புக் கரை கட்டிய சட்டம் ஒன்றைக் கலைக்காமலே வைத்திருப்பார்கள். பெயரையும் ஊரையும் நேரத்தையும் கோத்தால் போதும். இன்று அதே அமைப்பைக் கணிப்பொறியில் வைத்திருக்கின்றார்கள். வீட்டிலிருந்து வருபவருக்கு அழுத கண்; புகைப்படம் எங்கேயென்று தேடவும் தெரியாது; பெயரின் எழுத்தைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாது. அந்த வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தை நிறுத்தலாம். காத்திருப்பவர்கள் ஒருவரும் முகம் சுளிப்பதை நான் கண்டதில்லை. அவசரத் தொகை கேட்கும் அச்சுக்கூடத்தையும் எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. ஆயினும் அந்த வேளையிலும் மாதிரித் தாளைப் படித்தாக வேண்டும். துயரத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லுதல் தகாது. அவ்வீட்டுக்கு அடுத்த உறவில், நெஞ்சுறுதி உள்ள ஒருவர் அச்சுக்கூடத்துக்குச் சென்று பெயரையும், வயதையும், அடக்கம் நடைபெறும் இடத்தையும் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். நம் சங்கத்தின் கிளைதோறும் அப்பணிக்கு இருவரை முன்னரே குறித்து வைத்தல் வேண்டும் என்று காரியக் கமிட்டியாரைக் கேட்டுக்கொள்கின்றேன்.